வாங்கிய மெமரியை யார் திருப்பிக் கொடுப்பது?

பெங்களூரு, புனே, ஹைதராபாத், நொய்டா என்று போய் உட்கார்ந்திருக்கும் நம் குடும்பங்களில் சாஃப்ட்வேர் வேலையில் ஒருத்தராவது இல்லாத வீடு குறைவு. ஆனால் அவர்கள் என்னதான் எழுதுகிறார்கள் என்று பெற்றோரிடம் கேட்டால் "கம்ப்யூட்டர்ல ஏதோ" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நானும் அந்தக் கேஸ்தான், பி.காம். இஞ்சினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கும் என் பெண் பாடத்தை உரக்கப் படிக்கும்போது 'மேலாக்', 'ஃப்ரீ' என்ற இரண்டு வார்த்தைகள் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தன. என்னம்மா அது என்றேன். "மெமரி வாங்கறது, திருப்பிக் கொடுக்கறதுப்பா" என்றாள். கடன் கொடுத்து வசூல் பண்ணுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? தேடிப் படித்தேன். பிரமாதமான சரித்திரம்.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடலாம். நீங்கள் பிரவுசரில் நாலு படம் திறப்பீர்களா, நாற்பது திறப்பீர்களா என்று அதை எழுதினவருக்கு முன்கூட்டியே தெரியாது. அதனால் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே "இத்தனை பைட் இடம் கொடு" என்று கேட்டு வாங்குவதற்கு ஒரு பொது இடம் உண்டு. ஹீப் என்று பெயர். பாங்க் லாக்கர் அறை என்று வைத்துக்கொள்ளுங்களேன். கேட்டால் ஒரு லாக்கர் ஒதுக்கிச் சாவி கொடுப்பார்கள். அந்தச் சாவிதான் பாயிண்டர். வேலை முடிந்ததும் சரண்டர் பண்ண வேண்டும்.

இது மூன்று விதமாகக் கெடலாம். சரண்டர் பண்ணாமலே போய்விடலாம், அறை மெல்ல நிரம்பும். ஒரே லாக்கரை இரண்டு தடவை சரண்டர் பண்ணலாம், ரிஜிஸ்டர் குழம்பும். மூன்றாவதுதான் பயங்கரம். சரண்டர் ஆகிவிட்டது, அதே லாக்கரை இன்னொருவருக்கு ஒதுக்கியும் ஆகிவிட்டது, ஆனால் பழைய ஆள் ஒரு டூப்ளிகேட் சாவி வைத்திருக்கிறார். அடுத்தவர் நகையில் கை வைக்கலாம், யாருக்கும் தெரியாது.

இனி சரித்திரம். 1960களில் ஐபிஎம் கொண்டுவந்த பிஎல்/ஒன் மொழியில் 'அலொகேட்', 'ஃப்ரீ' இரண்டும் மொழியின் சொந்தச் சொற்களாகவே இருந்தன. ஆனால் அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிட்சி 1969க்கும் 1973க்கும் நடுவில் சி மொழியை வளர்த்தபோது இவற்றை மொழிக்குள் வைக்கவே இல்லை. பிடிபி-11 என்ற அந்த மெஷினின் 16 பிட் முகவரியால் எட்டக்கூடிய இடமே 64 கிலோபைட்தான். இன்று வாட்ஸப்பில் வரும் குட் மார்னிங் படம்கூட அதைவிடப் பெரிசு! 1978ல் பிரையன் கெர்னிகனும் ரிட்சியும் சேர்ந்து எழுதிய சி புத்தகத்தின் எட்டாவது அத்தியாயத்தில், மெமரி ஒதுக்கும் ஃபங்ஷனை நீங்களே எப்படி எழுதிக்கொள்வது என்று உதாரணம் கொடுத்திருந்தார்கள். 1979ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் லைப்ரரியில் மேலாக்கும் ஃப்ரீயும் இருந்தன.

மொழிக்கு உள்ளே இல்லாமல் லைப்ரரியில் இருந்தால் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. அன்றைய கம்பைலரின் கண்ணில் மேலாக் என்பது ஆயிரத்தில் ஒரு ஃபங்ஷன். வாங்கினதைத் திருப்பினீர்களா என்று அது கேட்காது, கேட்கத் தெரியாது. லாக்கரில் என்ன வைக்கப் போகிறீர்கள் என்றுகூடக் கேட்காமல் எத்தனை பைட் என்று மட்டும் கேட்கும். பெருக்கல் கணக்கு உங்கள் பொறுப்பு. குறைவாகப் பெருக்கிவிட்டால் உங்கள் சாமான் பக்கத்து லாக்கருக்குள் வழியும். பாங்கில் லாக்கரைத் திறக்க வாடிக்கையாளர் சாவி ஒன்று, எங்கள் மாஸ்டர் சாவி ஒன்று, இரண்டும் வேண்டும். சி மொழியில் மாஸ்டர் சாவி என்பதே கிடையாது.

அதே பெல் லேப்ஸுக்கு 1979ல் பியார்னே ஸ்ட்ரவ்ஸ்ட்ரப் என்ற டென்மார்க்காரர் வந்தார். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்தபோது, நார்வேயில் பிறந்த சிமுலா மொழியை உபயோகித்தவர். அதில் 'நியூ' என்று எழுதினால் இடம் கிடைக்கும். திருப்பித் தரவே வேண்டாம், கார்பேஜ் கலெக்டர் என்று ஒன்று வந்து யாரிடமும் சாவி இல்லாத லாக்கர்களைப் பார்த்துப் பார்த்து மீட்டுக்கொள்ளும். (நம் ரிசர்வ் பாங்க் 2021ல் போட்ட விதியும் கொஞ்சம் இதே ஜாதி. ஏழு வருஷம் திறக்கப்படாமல், ஆளையும் கண்டுபிடிக்க முடியாமல் போன லாக்கரை பாங்க் திறந்து, உள்ளே இருப்பதை நாமினியிடம் சேர்க்கலாம்.) வசதிதான், ஆனால் அந்த மீட்பு வேலையே நேரத்தைத் தின்றது. வேகம் போதாமல் ஸ்ட்ரவ்ஸ்ட்ரப் தன் புரோகிராமை பிசிபிஎல் என்ற மொழியில் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

அந்தச் சூடு மறக்கவில்லை போலும். தன்னுடைய சி ப்ளஸ் ப்ளஸ் மொழிக்கு சிமுலாவின் 'நியூ'வை எடுத்துக்கொண்டார், கலெக்டரை விட்டுவிட்டார். கூடவே 'டெலீட்' என்ற சொல் வந்தது. இப்போது கம்பைலருக்கு உள்ளே என்ன வைக்கிறோம் என்று தெரியும், பெருக்கல் கணக்கை அதுவே போடும். ஆனால் டெலீட் எழுதும் பொறுப்பு மனுஷனிடமே நின்றது. அதிலும் ஒரு கூத்து. ஒரு பொருளை விடுவிக்க ஒரு டெலீட், வரிசையாக வாங்கியதை விடுவிக்கச் சதுர அடைப்புக்குறி [] போட்ட இன்னொரு டெலீட். ஆரம்பத்தில் அந்த அடைப்புக்குள் எத்தனை வாங்கினோம் என்ற எண்ணிக்கையையும் நாமே எழுத வேண்டுமாம்!

1995ல் வந்த ஜாவா 'நியூ'வை வைத்துக்கொண்டு 'டெலீட்'டை எடுத்தே விட்டது, கலெக்டர் திரும்ப வந்தார். ஆபீஸ் வேலைகளுக்கு அது போதும். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடிவயிற்றில் அது சரிப்படாது என்று சி, சி ப்ளஸ் ப்ளஸ்காரர்கள் தங்கள் பக்கமே நின்றார்கள். அதற்குக் கொடுத்த விலையை மைக்ரோசாஃப்ட் 2019ல் சொன்னது: வருஷா வருஷம் அவர்கள் அடைக்கும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் மெமரியைத் தப்பாகக் கையாண்டதால் வந்தவை. அடுத்த வருஷம் குரோம் பிரவுசர்காரர்களும் தங்கள் பெரிய ஓட்டைகளுக்கு அதே 70 சதவீதத்தைச் சொன்னார்கள். அதில் பாதி அந்த டூப்ளிகேட் சாவி கேஸ். நாமும் நம் பிள்ளைகளும் பணம் அனுப்புவது இதே பிரவுசர்கள் வழியாகத்தான்.

கனடாவின் வான்கூவரில், 2006ல், மொஸில்லா கம்பெனியில் வேலை பார்த்த கிரெய்டன் ஹோர் வீடு திரும்பினார். லிஃப்ட் ஓடவில்லை, அதன் சாஃப்ட்வேர் படுத்துவிட்டது. அவர் இருந்தது 21வது மாடி. லிஃப்ட்டைக்கூட ஒழுங்காக ஓட்ட முடியவில்லையே என்ற எரிச்சலில் சொந்த முயற்சியாக அவர் ஆரம்பித்த மொழிதான் ரஸ்ட்.

ரஸ்ட்டின் முக்கிய யோசனை, ஒரு லாக்கருக்குச் சொந்தக்காரர் ஒருவர்தான். சாவியை வேறொருவரிடம் கொடுத்தால் உங்கள் உரிமை அத்தோடு போயிற்று. அப்புறம் தொட்டால், புரோகிராம் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் மறுத்துவிடும். பார்வையிட இரவல் தரலாம், ஆனால் லாக்கர் சரண்டர் ஆன பிறகு இரவல் வாங்கியவர் கையில் சாவி இருக்கக் கூடாது. டெலீட் எழுத வேண்டாம், சொந்தக்காரர் வேலை முடிந்து வெளியேறும் இடத்தில் கம்பைலரே சரண்டரைப் போட்டுவிடும். கலெக்டரும் வேண்டாம்.

இதை எப்படி எழுதுவது என்பதில்தான் அவர்களுக்குள் இழுபறி. முதலில் ஒற்றைச் சொந்தத்துக்கு ~ என்ற குறி, பலர் பங்குபோடும் மெமரிக்கு @ என்ற குறி. புதிதாக வருகிறவர்கள் எதை எங்கே போடுவது என்று தடுமாறினார்கள். 2014ல் இரண்டு குறிகளும் மொழியை விட்டுப் போயின. ~ இருந்த இடத்தில் 'பாக்ஸ்' என்ற சாதாரணப் பெயர் வந்தது. 2015 மே மாதம் முதல் பதிப்பு வெளியானபோது வாங்கும் முறை 'பாக்ஸ் நியூ' என்று, பார்த்தால் ஒரு லைப்ரரி ஃபங்ஷன் மாதிரிதான் இருந்தது. அதாவது பழையபடி மேலாக் இருந்த இடம்! ஆனால் கம்பைலர் இப்போது சொந்தம் யார் என்று பார்க்கிறது. தனிச் சொல்லாக வைத்திருந்த 'பாக்ஸ்' என்ற சோதனை வடிவம் கடைசிவரை நிரந்தரமாகாமலே 2023ல் நீக்கப்பட்டது.

இதிலும் லீக் வராது என்று நினைக்க வேண்டாம். முதல் பதிப்பு வெளிவரச் சில வாரங்களே இருந்தபோது, சட்டத்துக்கு உட்பட்டே லாக்கரைச் சரண்டர் பண்ணாமல் விடமுடியும் என்ற விஷயம் பெரிய பிரச்னையாக வெடித்தது. அதை நம்பி எழுதியிருந்த ஒரு வசதியை எடுத்தார்கள், லீக்கை அனுமதித்துவிட்டார்கள். இந்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. திரும்பி வராத லாக்கர் எங்களுக்குத் தொல்லை, அவ்வளவுதான். ஒரே லாக்கருக்கு இரண்டு பேரிடம் சாவி இருந்தால் மானேஜர் சஸ்பெண்ட் :-)

2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1 பதிப்பில் ரஸ்ட்டுக்கு இடம் கிடைத்தது. ஆண்ட்ராய்டில் மெமரி சம்பந்தமான ஓட்டைகள் 2019ல் 76 சதவீதமாக இருந்தவை 2024ல் 24 சதவீதம் என்று கூகிள் சொன்னது. பழைய சி கோடை எல்லாம் அழித்துத் திரும்ப எழுதி இதைச் சாதிக்கவில்லை. புதிதாக எழுதுவதை ரஸ்ட் மாதிரி பாதுகாப்பான மொழிகளில் எழுதினார்கள், பழையதில் இருந்த ஓட்டைகள் வருஷா வருஷம் அடைபட்டுக்கொண்டே வந்தன.