மன அழுத்தம் தணிய வெளியூரில் ஓய்வு: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

நோயுற்றவரை நெடுங்காலம் கவனித்துக்கொள்பவர் சில நாட்கள் வீட்டை விட்டு விலகியிருக்க விரும்புவது கடமை தவறுவதாகாது. நோயுடன் நாள்தோறும் போராடுபவருக்கும் இடமாற்றம் ஆறுதல் தரும். ஆயினும் ஓய்வு சிகிச்சைக்குத் துணையே அன்றி, மாற்று அன்று.

இடமாற்றம் ஏன் உதவுகிறது?

தொடர்ந்த மன அழுத்தத்தில் அட்ரினலின், கார்டிசால் ஆகிய ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. இரத்த அழுத்தம் உயரும்; உறக்கம் கெடும். இரவில் நோயாளியின் சிறு ஒலிக்கும் விழித்தெழுந்து பழகியவர், அதே வீட்டில் ஆழ்ந்து உறங்குவது அரிது. சில இரவுகள் தடையின்றி உறங்குவதே இத்தகைய ஓய்வின் முதற்பயன். வீடு திரும்பிய சில வாரங்களில் இப்பயன் குறைந்துவிடும். ஆகவே, ஆண்டுக்கொரு நெடும்பயணத்தை மட்டும் நம்பியிராமல், இடையிடையே குறுகிய ஓய்வுகளையும் திட்டமிடுங்கள்.

எங்கே, எப்போது?

தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. உறவினர் இல்லத்தில் இரண்டு நாட்கள் தங்குவதும், காரைக்கால் அல்லது தரங்கம்பாடி கடற்கரையில் மாலை வேளையில் நடப்பதும் போதுமானவை. ஓய்வே நோக்கமெனில், திருநள்ளாற்றுக்குச் சனிக்கிழமையும், நாகூருக்குக் கந்தூரி நாட்களிலும், வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரையிலான திருவிழாக் காலத்திலும் செல்வதைத் தவிர்க்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல், மழை எச்சரிக்கைகளைக் கவனித்துப் புறப்படுங்கள்.

மது அருந்துவது ஓய்வாகாது. அது உறக்கத்தின் தரத்தைக் குறைக்கும். தூக்க மாத்திரை, மனநல மருந்து ஆகியவற்றுடன் சேரும்போது ஆபத்து விளைவிக்கும்.

பராமரிப்பாளர் புறப்படும் முன்

• பொறுப்பேற்பவர் ஒரு நாளேனும் உங்களுடன் இருந்து பணிகளைப் பழகட்டும்.
• மருந்தின் பெயர், அளவு, நேரம், மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி வையுங்கள்.
• எந்த அறிகுறி தோன்றினால் உங்களை அழைக்க வேண்டும் என்பதைத் தெளிவுபடுத்துங்கள். நாளுக்கு ஒருமுறை பேச நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.

நோயாளி பயணம் செய்தால்

• பயண நாட்களுக்குத் தேவையானதைவிடச் சில நாட்களுக்குக் கூடுதலாக மருந்தும், மருந்துச் சீட்டின் நகலும் உடன் இருக்கட்டும்.
• இன்சுலினை வெயிலில் வைக்காதீர்கள்.
• லித்தியம் உட்கொள்வோர் போதிய நீர் அருந்த வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு, நடுக்கம் ஏற்பட்டால் உடனே மருத்துவரை அணுகவும்.
• நோன்பு அல்லது விரதம் மேற்கொள்ளும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

வழிபாட்டுத் தலங்களில் தங்குவோருக்கு

இறைவழிபாடு மனத்துக்கு அமைதி தரலாம். அதற்காக மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்தினால் நோய் மீண்டும் தீவிரமடையக்கூடும். நோயாளியை முறையான சிகிச்சையற்ற காப்பகத்தில் விட்டு வராதீர்கள். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று அத்தகைய காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப இயலாமல் போயினர். 28 பேர் உயிரிழந்தனர். மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 தடை செய்கிறது.

ஓய்வு போதாதபோது

ஓய்வுக்குப் பின்னும் சோர்வு, உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகுங்கள். ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உங்களுக்கோ, நீங்கள் கவனித்துக்கொள்பவருக்கோ தோன்றினால் காத்திருக்க வேண்டாம். உடனே இவ்வெண்ணை அழையுங்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். அந்நேரத்தில் அவரைத் தனியே விடாதீர்கள்.