தகரத் துண்டு முதல் சுகாதார இலக்கம் வரை: சபரகமுவத் தோட்டங்களில் நோயாளர் பதிவின் வரலாறு

வைத்தியசாலை ஒன்றின் நினைவு அதன் பதிவேட்டிலேயே தங்கியுள்ளது. வைத்தியர் மாறுவர், தாதியர் இடமாற்றம் பெறுவர், நோயாளரோ முன்னர் தாம் உட்கொண்ட மருந்தின் பெயரைப் பெரும்பாலும் அறியார். ஆகவே நோயாளர் பதிவு வெறும் எழுத்து வேலை அன்று. அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே. இன்று இப்பதிவு கணினிக்கு மாறிவருகின்றது. இன்னாருக்கு இன்ன நாளில் தடுப்பூசி ஏற்றல் வேண்டும், இன்ன மருந்து இன்னாருக்கு ஒவ்வாது என வைத்தியருக்குக் கணினி நினைவூட்டும் காலம் பிறந்துள்ளது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புற மக்களுக்கு இம்மாற்றம் எதனைத் தரும் என அறிய வேண்டுமாயின், அவர்களைப் பற்றி இதுகாறும் யார், எதற்காக எழுதி வைத்தனர் என்பதை முதலில் நோக்குதல் தகும்.

தோட்டத்தின் ஏடுகள்

தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளிக்கு இலங்கையில் கிடைத்த முதல் அடையாளம் ஓர் இலக்கமே ஆகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த தகரத் துண்டு முறையில், தோட்டத்துக்குரிய இலக்கம் பொறித்த தகரச் சில்லு ஒன்று அவனிடம் கொடுக்கப்பட்டது. அதனைக் காட்டி அவன் பயணஞ் செய்தான். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறியது. மண்டபம் முகாமில் அவன் தடுத்து வைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்ட பின்னரே கப்பலேறினான். தோட்டத்தை அடைந்ததும் அவன் பெயர் செக்ரோலில் எழுதப்பட்டது. பிரட்டுக்களத்தில் அன்றன்று 'பேர் போடுவதே' கூலிக்கு ஆதாரமாயிற்று. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல விரும்புவோனின் கடனைக் குறித்த சீட்டுக்கும் 'துண்டு' என்றே பெயர். அத்துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இவ்வேடுகள் யாவும் மிகத் திருத்தமாகவே பேணப்பட்டன. ஆயின் அவை நினைவில் வைத்திருந்தவை அவனது உழைப்பும் கடனுமே, அவனது உடலன்று.

நோயும் சட்டமும்

நோயுற்ற தொழிலாளரைப் பராமரிக்கும் கடமையைத் தோட்டங்களின் மீது சுமத்திய முதலாவது மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் 1872இல் இயற்றப்பட்டது. மருத்துவ மாவட்டங்கள் வகுக்கப்பட்டன. 1912ஆம் ஆண்டுச் சட்டங்கள் இக்கடமையை விரிவாக்கின. இவற்றின் வழியே தோட்டத்து டிஸ்பென்சரி என்னும் நிறுவனம் வேரூன்றியது.

டிஸ்பென்சரியின் பேரேடு நாள் வரிசையில் எழுதப்படுவது. இன்று வந்தவர் இத்தனை பேர், கொடுத்த மருந்து இது என்பதை அது கூறும். ஆனால் இன்று காய்ச்சலுடன் வந்து நிற்பவள் மூன்று மாதங்களுக்கு முன் எந்நோயுடன் வந்தாள் என்பதை அறிய, பழைய பக்கங்கள் அனைத்தையும் புரட்டுதல் வேண்டும். வரிசையில் நூறு பேர் நிற்கும்போது அதனைப் புரட்டுவார் யார்? நாள்வாரியான ஏடு நோய்களை எண்ணுவதற்கு உதவும். நோயாளியை அறிவதற்கு உதவாது. நோயாளர் பதிவின் வரலாறு முழுவதும் நாளை விட்டு ஆளை நோக்கிச் சென்ற பயணம் எனலாம்.

1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் இப்பயணத்தில் ஒரு படியாகும். ஆட்களைக் கணக்கெடுத்து, சோதித்து, மருந்து கொடுத்து, மீண்டும் சோதிக்கும் முறை அது. மீண்டும் சோதிப்பதாயின் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே குறிப்பு இருந்தாக வேண்டும்.

1934–35இன் மலேரியாக் கொள்ளைநோய் நாள்வாரி ஏட்டின் பயனையும் குறையையும் ஒருங்கே காட்டியது. மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாயின, நுளம்பு பெருகியது. மிகக் கொடிதாகத் தாக்குண்ட பகுதிகளுள் கேகாலை மாவட்டமும் ஒன்று. நாடு முழுவதிலும் ஏறத்தாழ 80,000 உயிர்கள் பலியாயின. டிஸ்பென்சரிகளை நாடி வந்தோரின் தொகை நோயின் பரவலைக் காட்டிற்று. எனினும் மலேரியா ஒருமுறை வந்து போகும் நோயன்று. அதே ஆளிடம் திரும்பத் திரும்ப வருவது. அந்த ஆளைத் தொடர்ந்து அறிய எண்ணிக்கை மட்டும் போதாது.

பத்திரம் இல்லாத மக்கள்

பதிவு என்பது உயிர்நிலைப் பொருளாயிற்று 1948இன் பின்னர். அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோர், 1946 ஜனவரி 1ஆந் திகதிக்கு முன்னர், மணமானோராயின் 7 ஆண்டும் மணமாகாதோராயின் 10 ஆண்டும் தொடர்ந்து வதிந்ததை நிறுவ வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாக எழுதப்பட்ட மக்கள் தம்மிடம் எழுத்துச் சான்று கேட்கப்பட்டபோது வெறுங்கையராய் நின்றனர். ஏடுகள் தோட்டத்துக் கந்தோரில் இருந்தன. 1977, 1981, 1983 ஆண்டுகளின் வன்செயல்களின்போது சபரகமுவத் தோட்டங்களை விட்டு வவுனியா முதலான இடங்களுக்கு ஓடியோருள் பலர் இருந்த பத்திரங்களையும் இழந்தனர். நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. அரசாங்கப் பதிவெனின் இம்மக்கள் இன்றும் சற்று அஞ்சுவராயின், அதன் காரணம் அறியாமையன்று, அனுபவமே.

மருத்துவமாதின் கொப்பி

1926இல் களுத்துறையில் அமைந்த சுகாதாரப் பிரிவு, இலங்கைக்குப் புதியதொரு நினைவு முறையை அளித்தது. ஒரு குறித்த பகுதிக்குப் பொறுப்பான மருத்துவமாது, அங்குள்ள குடும்பங்களைப் பதிவேட்டிற் குறித்து, கருவுற்ற தாய்க்கு அட்டையும் குழந்தைக்கு வளர்ச்சிப் பதிவேடும் கொடுத்து, நாட்குறிப்பின்படி வீடு தேடிச் செல்கிறாள். வராதவரைத் தேடிச் செல்வதே இம்முறையின் உயிர். நினைவூட்டும் இயந்திரம் வருமுன்னரே நினைவூட்டும் மனிதரை இந்நாடு கண்டிருந்தது.

தோட்டங்கள் இவ்வலையமைப்புக்கு நெடுங்காலம் புறம்பாகவே நின்றன. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஆயினும் 1970களில் தோட்டப்புறச் சிசு மரண வீதம் தேசிய வீதத்தைப் பெரிதும் விஞ்சி நின்றது. தோட்ட வைத்தியசாலைகள் அரசின் பொறுப்பில் வரத் தொடங்கியது 1990களிலேதான்.

கணினியின் வருகை

1976இல் அமெரிக்காவின் இன்டியானாபோலிஸ் நகரைச் சேர்ந்த வைத்தியர் கிளெமென்ட் மக்டொனால்ட் ஓர் ஆய்வை வெளியிட்டார். உரிய நடவடிக்கை தேவைப்பட்ட தருணங்களைக் கணினி நினைவூட்டியபோது வைத்தியர்கள் 51 வீதமானவற்றைக் கவனித்தனர். நினைவூட்டாதபோது 22 வீதமானவற்றையே கவனித்தனர். குறை அறிவில் அன்று. ஒரே வேளையில் பலவற்றை மனதிற் கொள்ள இயலாத மனித இயல்பில் உள்ளது என்பது அவர் கண்ட முடிவு.

இலங்கையில் 2011ஆம் ஆண்டளவில் கம்பஹா மாவட்டத்துத் தொம்பே வைத்தியசாலை கணினிப் பதிவுக்கு முன்னோடியாயிற்று. பின்னர் அரச வைத்தியசாலைகளில் தனிநபர் சுகாதார இலக்கம் அறிமுகமானது. 2020 ஜனவரியில், ஒஸ்லோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த டி.எச்.ஐ.எஸ். 2 என்னும் திறந்த மூல மென்பொருளைக் கொண்டு, கோவிட் கண்காணிப்புக்கான பதிவு முறையை இலங்கையர் மிக விரைவாக அமைத்தமை உலகின் கவனத்தை ஈர்த்தது.

முடிவுரை

எனவே தோட்டத் தொழிலாளிக்கு மீண்டும் ஓர் இலக்கம் கிடைக்கின்றது. அது அவனுக்குப் பயன்படுவதற்கு மூன்று நிபந்தனைகள் உள. முதலாவது, பெயர். முத்துலெட்சுமி ஓரிடத்தில் முத்துலட்சுமியாகவும், பிறிதோரிடத்தில் சிங்களத்தில் வேறொரு வடிவிலும் எழுதப்படின், கணினிக்கு அவள் மூவராவாள். எவரது ஒவ்வாமையும் எவரது ஏட்டிலும் இராது. இரண்டாவது, மொழி. சபரகமுவவின் நிருவாக மொழி சிங்களம். நினைவூட்டல் லயத்துக்குத் தமிழில் செல்லாவிடின் அது நினைவூட்டலே அன்று. மூன்றாவது, பொழுது. கிளினிக்குக்குச் செல்லும் நாளில் செக்ரோலில் பேர் விழாது எனின், நாளை அறிந்திருந்தும் அவள் கொழுந்து மலைக்கே செல்வாள். இம்மூன்றாவது குறையைக் கணினியால் தீர்க்க இயலாது. கூலியைத் தீர்மானிப்போரே தீர்த்தல் வேண்டும்.

தகரத் துண்டு தோட்டத்துக்காக மனிதனை நினைவில் வைத்தது. சுகாதார இலக்கமோ மனிதனுக்காகவே அவனை நினைவில் வைத்தல் வேண்டும். அவ்விலக்கத்தின் பின்னாலுள்ள ஏட்டை அவனே தன் மொழியிற் கேட்டுப் பெறும் உரிமை உறுதியாகும் நாளிலேயே, நூற்றைம்பது ஆண்டுக்கால ஏடுகளின் வரலாறு புதிய திசையிற் திரும்பியதாகக் கொள்ளலாம். அவ்வுரிமையை வலியுறுத்துவது கற்றோர் கடன்.