இடம் மாறிய கைப்பிடி

நீலகிரி வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் தமிழரும் தெலுங்கரும் ஒரே வரிசையில் நின்று பயிற்சி பெறுகின்றனர். ஆகவே விஜயபுரத்திலிருந்து கேட்கும் நேயர்களுக்கும் இவ்வரலாறு அந்நியமானதன்று. துப்பாக்கியில் எவ்வேலையை எக்கை செய்வது என்ற சிறு வினாவைப் பற்றியது அது.

1962-ஆம் ஆண்டு சீனப் போரில் நம் காலாட்படையினரிற் பெரும்பாலோர் ஏந்தியது பழைய .303 லீ-என்ஃபீல்டு. அதன் கைப்பிடி வலப்புறத்தே உளது. ஒவ்வொரு முறை சுட்டபின்னும் வலக்கை விசையை விட்டகன்று, கைப்பிடியை உயர்த்தி, பின்னிழுத்து, முன்தள்ளி, மீண்டும் தாழ்த்த வேண்டும். பழுதில்லாக் கருவிதான், தேர்ந்தவர் நிமிடத்துக்குப் பதினைந்து குண்டுகள் குறிதவறாது சுடுவர். ஆயினும் உறைபனியில் மரத்த விரல்களுக்கு அவ்வேலை எளிதன்று. எதிர்த்து வந்தோரிடமோ, தாமே குண்டேற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள் இருந்தன. தோல்விக்கு இஃதொன்றே காரணம் என்போமாயின் அது வரலாறாகாது; காரணங்களுள் ஒன்று என்பதையும் மறுத்தற்கில்லை.

கல்கத்தாவை அடுத்த ஈசாப்பூர்த் தொழிற்சாலை 1960-களில் ஆக்கியளித்த 1ஏ1 என்னும் எஸ்.எல்.ஆர். இக்குறையை நீக்கிற்று. பெல்ஜிய நாட்டு எஃப்.என். நிறுவனத்தின் அமைப்பைத் தழுவியது அது. குண்டு வெடிக்கையில் எழும் வாயுவின் ஒரு பகுதி உள்ளுறுப்பைப் பின்தள்ள, சுருள்வில் அதனை முன்செலுத்தி அடுத்த குண்டை ஏற்றும். முதற் குண்டுக்கு மட்டுமே கை வேண்டும். அக்கைப்பிடியை இடப்புறத்தே வைத்ததுதான் நுட்பம்: வலக்கை விசையருகிலேயே நிற்க, இடக்கை அதனைக் கடைசிவரை இழுத்துச் சட்டென விட்டுவிடும். மெல்லத் தாங்கிக் கொண்டுபோய் விடலாகாது. வில்லின் முழுவிசையும் கிட்டாவிடில் குண்டு சரியாக அமராது. சுடும்போது அக்கைப்பிடி அசைவதுமில்லை. இடக்கைப் பழக்கமுள்ள வீரருக்கு மட்டும் இவ்வசதி தலைகீழாகிவிடும். அவர்களை யார் நினைத்தார்கள்!

1990-களில் வந்து, 1999-இல் கார்கில் போரிற் பயன்பட்ட இன்சாஸிலும் கைப்பிடி இடப்புறமே. ஆனால் 1966-இல் தோன்றிய திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை, ருஷ்ய ஏ.கே. அமைப்பில் பின்னாளில் உருவாக்கிய துப்பாக்கியில் அது மறுபடியும் வலப்புறம் சென்றது. உள்ளுறுப்போடு பிணைந்திருப்பதால் சுடுந்தோறும் அது முன்னும் பின்னும் ஓடும். அழுக்கால் உறுப்பு முழுதும் மூடாது நின்றால், கையால் முன்தள்ளிவிடலாம். வலக்கையை விசையருகிலிருந்து எடுக்க மனமில்லாதவர், துப்பாக்கியின் அடிவழியே இடக்கையை நீட்டி இழுக்கப் பழகிக்கொள்கின்றனர்.