ஓரணாச் சிற்றுண்டி

குழந்தைகள் கண்ட தின்பண்டத்தையும் வாங்கித் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று பெற்றோர் குறைப்படுவது புதிதல்ல. பள்ளிக்கூட வாசலில் மிட்டாய்த் தட்டு வந்த அன்றே அந்தக் குறையும் கூடவே வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்கு நாம் கண்ட மருந்து உபதேசம். மலிவான மருந்துதான், பலித்ததாகத் தெரியவில்லை.

நான் மூன்றாம் வகுப்பில் படித்தபோது வாத்தியார் ஒரு நாள் கரும்பலகையில் கீரை, பழம், பால், பயறு என்று வரிசையாக எழுதினார். பிறகு, "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று ஒவ்வொருவனாகக் கேட்டுக்கொண்டு வந்தார். என் பக்கத்துப் பையன் எழுந்து, "இட்லி, சார்" என்றான். அவன் வீட்டில் காலையில் அடுப்பு மூட்டுவதில்லை என்பது எனக்குத் தெரியும். இடைவேளையில் அவன் குழாயடிக்குப் போய் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தான். என் சட்டைப் பையில் இரண்டு கடலை உருண்டைகள் இருந்தன. நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு இரண்டையும் தின்று முடித்தேன்.

அந்த உருண்டைகள் இன்னும் எனக்கு ஜீரணமாகவில்லை. பள்ளிக்கூடச் சிற்றுண்டியின் சரித்திரத்தைத் தேடிப் படிக்கத் தூண்டியதும் அவைதாம்.

சரித்திரம் சென்னையில் தொடங்குகிறது. பிட்டி தியாகராயச் செட்டியார் நகரசபைத் தலைவராக இருந்த காலம். ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த நகரசபைப் பள்ளியில் பிள்ளைகள் நிலைக்கவில்லை. காரணம் வறுமை. 1920 செப்டம்பர் 16 அன்று சபை ஒரு தீர்மானம் செய்தது: அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தருவது, தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் செலவு கூடாது. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கும் அது பரவிற்று. 1922-23 இல் 811 ஆக இருந்த பிள்ளைகள் 1924-25 இல் 1,671 ஆனார்கள். எந்த உபதேசம் இப்படிப் பிள்ளைகளைக் கூட்டியிருக்கிறது?

ஆனால் ஆரம்பக் கல்விக்கு ஒதுக்கிய பணத்தைச் சிற்றுண்டியில் செலவிடக் கூடாது என்று அன்றைய ஆங்கில அரசாங்கம் தடுத்தது. 1925 இல் திட்டம் நின்றது. கல்வி மூளைக்கு, பலகாரம் வயிற்றுக்கு, இரண்டுக்கும் வெவ்வேறு கணக்கு என்று எண்ணினார்கள் போலும்! பசித்த குழந்தையின் உடம்பில் அப்படித் தனித்தனிக் கணக்கு கிடையாது.

1956 இல் காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982 இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 1989 இல் கருணாநிதி முட்டை சேர்த்தார். பிற்பாடு கொண்டைக்கடலையும் பாசிப்பயறும் தட்டுக்கு வந்தன. வாத்தியார் கரும்பலகையில் எழுதிய பயறு தட்டில் வந்து விழ அத்தனை காலம் பிடித்தது.

என் நண்பனும் மதியச் சாப்பாட்டை வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டவன்தான். ஆனால் காலைப் பத்து மணிப் பசிக்கு அப்போது யாரும் வழி செய்யவில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தமிழகத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளும். ஓரணாத் தீர்மானத்துக்கும் அதற்கும் இடையே நூற்றிரண்டு ஆண்டுகள்.

இன்று வாசலில் மிட்டாய்த் தட்டுக்குப் பதிலாகப் பளபளக்கும் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. அதைத் தின்னாதே என்று நாமும் சொல்கிறோம். சொல்லலாம், ஆனால் சொல்லுகிற கையில் ஒரு பிடி சுண்டல் இருக்கட்டும். அதையும் நம் குழந்தைக்கு மட்டும் பொட்டலம் கட்டிக் கொடுக்காமல், பக்கத்துப் பையனுக்கும் சேர்த்துக் கொடுத்தனுப்புவோம். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து தின்பதில் குழந்தைகளுக்குத் தனி ருசி உண்டு. சுவரைப் பார்த்துக்கொண்டு தின்றவன் சொல்கிறேன்; கடலை உருண்டைகூட அப்போது கசந்தது.