எருவும் எரிநெருப்பும்

மாட்டுச் செல்வமே நாட்டுச் செல்வம் என்பார்கள். மாடு பெருகினால் எரு பெருகும். எரு பெருகினால் விளைவு பெருகும். எனவே மாடு மிகுந்த வட்டாரமே வளமான வட்டாரம் என்று கணக்கு முடித்துவிடுவார்கள். கேட்க இனிக்கும் கணக்குத்தான். ஆயின் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட செம்மண் புன்செய்களின் வரலாறு அக்கணக்குக்கு இணங்க மறுக்கிறது. தொழுவத்தில் மாடு இருந்தது. நிலத்திலோ சத்து குறைந்தது. இடைவழியில் அது எங்கே போயிற்று? அவ்வழியைத் தேடுவோம்.

பயிர் தழைக்க வேண்டுவது நைட்ரஜன் என்னும் தழைச்சத்து. நூறு கிலோ தொழு உரத்தில் அது ஏறக்குறைய அரைக் கிலோதான். மாடு அச்சத்தைப் படைப்பதில்லை. தின்றதைத் திருப்பித் தருகிறது. வெறும் வைக்கோல் தின்னும் மாட்டின் எரு ஏழை எரு. பிண்ணாக்குத் தின்னும் மாட்டின் எரு செல்வ எரு. அன்றியும், மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் ஏறத்தாழப் பாதி சிறுநீரில் இருக்கிறது. அதனை ஏந்திக்கொள்ளக் கூளம் பரப்பாத தொழுவத்தில் அப்பாதி வீண். எஞ்சிய சாணத்தை வறட்டியாக்கி எரித்தால் தழைச்சத்து புகையோடு போகும். மணிச்சத்தும் சாம்பல் சத்துமே சாம்பலில் மிஞ்சும். ஆதலின் மாட்டின் தலையெண்ணிக்கை ஒன்றாயினும், இரு வட்டாரங்களின் மண்ணுக்குச் சேரும் சத்து ஒன்றாவதில்லை.

நம் முன்னோர் எருவின் அருமை அறியாதவரல்லர். உழவதிகாரத்தில் வள்ளுவர் உழுவதினும் எருவிடுவதை உயர்த்தி வைத்தார். ஆட்டையும் மாட்டையும் இரவில் வயலிலேயே கிடை கட்டி, சாணமும் சிறுநீரும் ஒருங்கே மண்ணில் சேரச் செய்தனர் உழவர். அத்தகையோர் வீட்டில் சாணம் ஏன் அடுப்புக்குப் போயிற்று?

1889-இல் இங்கு அனுப்பப்பட்ட ஆங்கில வேதியியல் அறிஞர் ஜான் அகஸ்டஸ் வோல்கர் இக்கேள்விக்கு விடை கண்டார். இந்திய உழவன் அறிவிலி என்ற எண்ணத்தை 1893-இல் வெளிவந்த அவரது அறிக்கை மறுத்தது. விறகில்லாக் குறையே சாணத்தை எரிக்கச் செய்கிறது என்றும், விறகுக்கும் தீவனத்துக்குமெனக் காடு வளர்க்க வேண்டும் என்றும் அது கூறியது. ஆனால் அதற்கு முன்னரே, 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை அரசின் வேலிக்குள் அடைக்கத் தொடங்கிவிட்டது. காட்டின் சாவி ஆள்வோர் கையில். வறட்டி ஏழைத் தாயின் கையில்!

அடுப்பு உண்டது ஒரு பங்கு. கப்பல் உண்டது மற்றொரு பங்கு. நம் வட்டாரத்தார் மணிலா என்றும் மல்லாட்டை என்றும் வழங்கும் நிலக்கடலை, வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனையே சத்தாக்கிக் கொள்ளும் பயிர். அச்சத்தின் பெரும்பகுதி பருப்பில் சேருகிறது. 1879-இல் விழுப்புரம்–புதுச்சேரி இருப்புப்பாதை திறக்கப்பட்டது. தென்னார்க்காட்டுப் பருப்பு புதுச்சேரித் துறைமுகம் கடந்து பிரான்சின் மர்சேய் நகரத்து ஆலைகளுக்குப் போயிற்று. எண்ணெய்க்கு விலை கிடைத்தது, உண்மை. பிண்ணாக்கோ அங்கேயே நின்றுவிட்டது! நூறு கிலோ கடலைப் பிண்ணாக்கில் தழைச்சத்து ஏறத்தாழ ஏழு கிலோ. ஆயிரத்து நானூறு கிலோ தொழு உரத்துக்கு அது ஈடு. நம் மண் திரட்டிய சத்து அயல்நாட்டு மண்ணுக்கு எருவாயிற்று.

இனி, இங்கிலாந்தைப் பார்ப்போம். அங்கே ரோதம்ஸ்டெட் பண்ணையில் 1843 முதல் இன்றுவரை ஒரே வயலில் கோதுமை விதைத்து எருவின் பயனை அளந்து வருகிறார்கள். ஆண்டுதோறும் தொழு உரம் இட்ட பாத்தியின் மண்ணில், எருவே காணாத பாத்தியினும் இருமடங்குக்கு மேல் தழைச்சத்து சேர்ந்திருக்கிறது. அப்பண்ணையை நிறுவிய லாஸ், எந்தத் தீவனம் எவ்வளவு எருமதிப்புத் தரும் என்று பட்டியலும் வகுத்தார். 1883-ஆம் ஆண்டுச் சட்டமோ, பிண்ணாக்கு வாங்கி மாட்டுக்கு ஊட்டி நிலத்தை வளப்படுத்திய குத்தகையாளன் வெளியேறும்போது, மண்ணில் அவன் விட்டுச்செல்லும் சத்துக்கு ஈடு பெறும் உரிமை வழங்கியது. எரு அங்கே வெறும் குப்பையன்று; சட்டம் காக்கும் உடைமை!

இங்கே நிலை யாது? அடுத்த ஆண்டு அந்நிலம் தன் கையில் இருக்குமோ இராதோ என்று அஞ்சிய வாரக்குடி, எவனுடைய வயலுக்கு எரு சுமப்பான்? குத்தகையாளரை வெளியேற்றத்திலிருந்து காக்கும் சட்டம் நம் மாநிலத்தில் 1955-இல்தான் வந்தது. அவர்தம் உரிமையைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டம் 1969-இல் வந்தது. மாடு வைத்திருந்த கூலியாளுக்கோ நிலமே இல்லை. அவன் வீட்டுச் சாணம் வறட்டியாகி விலை போகாமல் வேறென்ன செய்யும்? போதாக்குறைக்குச் சமயமும் சாதியும் சேர்ந்துகொண்டன. சாணத்தைப் பிடித்து வைத்துப் பிள்ளையார் என்றோம். பஞ்சகவ்வியத்தில் கலந்து தூய்மை என்றோம். அதே சாணத்தை அள்ளிச் சுமந்து வயலைப் பசுமையாக்கிய கையை மட்டும் தீட்டு என்றோம்! வணங்கத் தெரிந்தது, வழங்கியவனை மதிக்கத் தெரியவில்லை.

இன்று நாற்பத்தைந்து கிலோ யூரியா மூட்டை ஒன்று இருபது கிலோவுக்கு மேல் தழைச்சத்து தருகிறது. நான்கு டன் தொழு உரம் தரும் அளவு அது. அறிவியலின் கொடையை நாம் இகழோம். ஆயினும் மண்ணுக்கு மக்கும் பொருளை அம்மூட்டை தாராது. அடுப்பா, வயலா என்ற பழைய வழக்குக்கும் அறிவியலே தீர்ப்புக் கூறியிருக்கிறது. சாண எரிவாயுக் கலத்தில் எரிவது மீத்தேன். தழைச்சத்து கழிவுக் குழம்பில் தங்கி வயலுக்குத் திரும்புகிறது. 1981-இல் நடுவண் அரசு இதற்கென நாடு தழுவிய திட்டமே தொடங்கியது. ஆனால் கலம் அமைக்க இடமும் குழம்பு இட நிலமும் வேண்டுமே! அவை இல்லாதவனுக்கு அத்தீர்ப்பும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

எனவே மாட்டை எண்ணுமுன் மனிதனை எண்ணுங்கள். அவன் அடுப்புக்கு எரிபொருள் உண்டா, காலுக்குக் கீழே சொந்த நிலம் உண்டா, கைக்கு மதிப்பு உண்டா என்று கேளுங்கள். இம்மூன்றும் வாய்க்கும் நாளில், வயலுக்கு எரு சேர்க்க அவனுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.