தலைப்பாகை முதல் வேட்டி வரை

ஆவடியில் ராணுவ உடைத் தொழிற்சாலை இருப்பது நம்மில் பலருக்கும் தெரியும். 1961-ல் தொடங்கியது. அங்கே தைக்கும் சீருடையின் நிறம், அளவு, பொத்தான் எல்லாமே மேலிடத்து உத்தரவுப்படிதான். சீருடைன்னா அப்படித்தானே என்று நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அப்படி ஒரு உத்தரவு ஒரு காலத்தில் பெரிய ரத்தக்களரியில் முடிந்தது. நடந்த இடமும் ரொம்ப தூரமில்லை. பூந்தமல்லி தாண்டி நெடுஞ்சாலையோடு மேற்கே போனால் வரும் வேலூர்தான்.

1805 நவம்பரில் சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக், இந்தியச் சிப்பாய்களுக்குப் புது விதிகள் போட்டார். நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது. தலையில் தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை. பார்ப்பதற்குத் தொப்பி மாதிரி இருந்ததால், மதம் மாற்றத்தான் இந்த ஏற்பாடு என்று இந்துக்கள், முஸ்லிம்கள் இரு சாராருமே அஞ்சினார்கள். மறுத்தவர்களில் இருவருக்குச் சவுக்கடி கொடுத்து வேலையை விட்டே நீக்கினார்கள்.

1806 ஜூலை 10 அதிகாலை வேலூர்க் கோட்டையில் கிளர்ச்சி வெடித்தது. திப்பு சுல்தானின் குடும்பம் அங்கே காவலில் இருந்ததும் அதற்கு வலு சேர்த்தது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள். ஆனாலும் உத்தரவு வாபஸ் ஆனது. கிரடாக்கும், கவர்னர் வில்லியம் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

இது "இதைப் போடு" என்ற கட்டாயத்தின் கதை. "இதைப் போடாதே" என்ற தடையின் கதை இன்னும் கொடுமை. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலை அணியவே பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859-ல் மகாராஜா அனுமதி கொடுத்தபோதும், மேல்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக்கூடாது என்று ஒரு நிபந்தனை! ஒரு முழத் துணியில் சாதியை எப்படி அளந்திருக்கிறார்கள் பாருங்கள்.

சுதந்திரம் வந்தபிறகு எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்தால், 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டுக்கு வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். வெள்ளைக்காரன் போனாலும் அவன் போட்ட விதி போகவில்லை! அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. வேட்டி கட்டியவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். நம் ஊரில் நம் உடைக்கே சட்டப் பாதுகாப்பு தேவைப்பட்டதை நினைத்தால் சிரிப்பதா, அழுவதா?

அதே வேட்டி இன்று பாக்கெட் வைத்தும், ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்தும் வருகிறது. அவிழ்ந்துடுமோன்னு பயந்தவங்களும் பொங்கலுக்குத் தைரியமா கட்டுறாங்க. இதைப் பார்த்துச் சில பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். உடை காலத்தோடு மாறுவதில் தவறே இல்லை. எதை அணிவது என்பதை அணிபவர் முடிவு செய்கிறாரா, வாசலில் நிற்பவர் முடிவு செய்கிறாரா என்பதுதான் கேள்வி.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இன்டர்வியூவுக்கு டை கட்டிப் போங்கள், தப்பில்லை. நாளை நீங்கள் மேஜைக்கு மறுபக்கம் உட்காரும்போது, வருபவரின் சட்டையைப் பார்த்து மார்க் போடாதீர்கள்.