1985இல் வந்த இரண்டு செய்திகள்

எங்கள் குடும்பப் புலனக் குழுவில் மாதம் ஒருமுறையாவது அந்தத் தகவல் வந்துவிடும். தினமும் மஞ்சள் சேர்த்தால் புற்றுநோய் அண்டாதாம். நான் பதில் போடுவதில்லை. பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டிய என் பாட்டி, காலமெல்லாம் அம்மியில் மஞ்சள் அரைத்துக் குழம்பு வைத்தவர். வாய்ப் புற்றுநோயில்தான் போனார்.

தகவல் முழுப் பொய்யும் இல்லை. 1985இல் கேரளத்துத் திருச்சூரின் அமலா புற்றுநோய் ஆய்வு மையத்தில் ராமதாசன் குட்டன் குழுவினர், மஞ்சள் சாறு ஆய்வுக்கூடத்தில் புற்றணுக்களை அழிப்பதையும் விலங்குகளில் கட்டி வளர்வதைக் குறைப்பதையும் பதிவு செய்தார்கள். மஞ்சளின் குர்குமின் அதன்பின் உலகப் புகழ் பெற்றது.

சிக்கல் வயிற்றில் இருக்கிறது. குர்குமினை உடல் சரியாக உறிஞ்சாது. 2 கிராம் குர்குமினோடு மிளகின் பிப்பெரின் 20 மில்லிகிராம் சேர்த்தால் உறிஞ்சுதல் 20 மடங்கு கூடுவதாக 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வு காட்டியது. நம்ம ரசத்துக்குப் பெருமைதான். ஆனால் மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 விழுக்காடே. கணக்குப் போட்டால், அந்த 2 கிராமுக்கு ஒருவர் 65 கிராம் தூளுக்கு மேல் சாப்பிட வேண்டும். குடும்பத்துக்கே பாட்டி போட்டது ஒரு தேக்கரண்டி. 2017இல் வந்த ஒரு விரிவான மதிப்பாய்வு, 120க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும் முறையான ஒப்பீட்டுச் சோதனை ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்றது.

அதே 1985இல் இன்னொரு செய்தியும் வந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் உண்டாக்கும் என்று அறிவித்தது. 2004இல் வெளியான அதன் தொகுப்பு, வெறும் பாக்கையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. இந்தச் செய்தி மட்டும் எங்கள் லயத்துக்கு வரவே இல்லை.

கோலசிலாங்கூர் தோட்டங்களின் வரலாறு என்றால் 1917ஐச் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகோனியே தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்ட ஆண்டு. துரை நட்டது தெரிகிறது. விடியுமுன் பெரட்டுக்கு நின்ற பெண்கள் எதை மென்றார்கள் என்று எங்கள் வீட்டில்கூடப் பேச்சில்லை. "வெத்தல போட்டா பசி தெரியாதுடா" என்பார் பாட்டி. தீபகற்ப மலேசியாவில் மலாய்க்காரர், சீனரைவிட இந்தியர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, வாய்ப் புற்றுநோய் அதிகம். ஐந்தறைப் பெட்டியைக் கொண்டாடுகிற நாம் பக்கத்திலிருந்த வெற்றிலைப் பெட்டியை மறந்துவிட்டோம்.

கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைப் படலம் வந்தபோது பாட்டி அதற்கும் மஞ்சள்தான் தடவினார். காரம் ஒத்துக்கல என்றார். நாங்களும் நம்பினோம்.

அடுத்த தடவை அந்தத் தகவல் வந்தால் பதில் போடுவேன்: மஞ்சள் போடுங்க, ருசியா இருக்கும். அப்படியே வீட்டில் வெற்றிலை போடுறவங்க வாயையும் திறந்து பாருங்க. மூணு வாரமா ஆறாத புண்ணோ படலமோ இருந்தா, பல் டாக்டரிடம் கூட்டிப் போங்க.